வயிற்றுப் பகுதியில புற்றுநோய் ஆபரேஷனுக்கு அப்புறம் டாப் பிளாக், எபிடூரல்: உங்களுக்கு எப்படி இருந்தது?

அப்பாவுக்குப் பெருங்குடல் கட்டி, வயிற்றைத் திறந்து எடுத்தாங்க. வலி தெரியாம இருக்க டாப் பிளாக்னு வயிற்றுச் சுவரை மரக்க வைக்கிற ஊசி போட்டிருக்கோம்னு சொன்னாங்க. சாயங்காலம் நல்லா பேசினார், இருமக்கூட முடிஞ்சது. ராத்திரி மூணு மணிக்கு என் மணிக்கட்டைப் பிடிச்சார் பாருங்க, நகம் பதிஞ்ச தடம் விடியிற வரைக்கும் இருந்தது. "தையல் மட்டுமில்லம்மா, உள்ள யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு." அந்த ஊசி எத்தனை மணி நேரம் தாங்கும்னு யாரும் எங்ககிட்ட சொல்லலை. தெரிஞ்சிருந்தா முன்னாடியே மருந்து கேட்டிருப்பேன்.

*

பிளாக்கைக் குறை சொல்லாதீங்க. டாப் பிளாக் வயிற்றுச் சுவரைத்தான் மரக்கச் செய்யும். குடல் வலி வேற நரம்பு வழியா போகுது, அதுக்கு எபிடூரல்தான் சரி, அதாவது முதுகுத்தண்டுகிட்ட மரக்கிற மருந்து விடறது. எனக்குக் கணையத்துல ஆபரேஷன். முதுகுல மெல்லிய குழாய் வெச்சு மூணு நாள் மருந்து போனது. வலியே தெரியலை. ரெண்டாம் நாள் எழுப்பி நிறுத்தினப்போ கண்ணு இருட்டி நர்ஸ் தோள்மேல சாய்ஞ்சுட்டேன். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற நரம்புகளையும் எபிடூரல் தளர்த்திடும், அதனால பிரஷர் இறங்கிடுச்சு. இருந்தாலும் இன்னொரு தடவைன்னா எபிடூரல்தான் கேட்பேன்.

*

எல்லாருக்கும் எபிடூரல் போட முடியாதுங்க. எங்கம்மா ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க. முதுகுத்தண்டுகிட்ட ரத்தம் கட்டினா கால் விழுந்துடும்னு வேண்டாம்னுட்டாங்க. ஸ்கேன்ல பார்த்து முதுகின் ரெண்டு பக்கமும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் போட்டாங்க, முதுகெலும்பை ஒட்டின தசைக்கு அடியில மரக்கிற மருந்து விடறது. 2016ல்தான் அந்த முறையை முதல்ல எழுதி வெளியிட்டாங்களாம். அப்புறம் வயித்துல ஐஸ் வெச்சுப் பார்த்தா வலது பக்கம் சலனமே இல்லை, இடது பக்கம் அம்மா துள்ளிட்டாங்க. ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை!

பிளாக் பிடிக்காமலும் போகலாம், பாதியில விட்டும் போகலாம். அதனால சொல்றேன், முன்னாடியே கேளுங்க: ஒரே ஊசியா, குழாயா? ஒரே ஊசின்னா பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள விட்டுடும். அது விடறதுக்கு முன்னாடியே பாராசிட்டமாலை நேரம் தவறாம கொடுக்கச் சொல்லுங்க. வாயைச் சுத்தி மரத்தாலோ, காதுல இரைஞ்சாலோ, நாக்குல உலோக ருசி வந்தாலோ உடனே கூப்பிடுங்க, மரக்க வைக்கிற மருந்து ரத்தத்துல ஏறியிருக்கலாம். எபிடூரல்ல கால் திடீர்னு கனத்தாலும் உடனே கூப்பிடுங்க. இருமும்போது தலையணையை வயித்தோட அணைச்சுக்கச் சொல்லுங்க.

*

முதல்ல எழுதினவள்தான். ஊசியா குழாயான்னு கேட்கணும்னே எனக்குத் தோணலை. அடுத்த மாசம் அப்பாவோட ஸ்டோமாவை, அதாவது மலம் வெளியேற வயித்துல வெச்ச வழியை, மூடறாங்க. மயக்க டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதை இப்பவே எழுதி வெச்சுட்டேன்.