இஞ்செக்டரை ‘உட்செலுத்தி’ என்பது சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

பைக் இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து சாரலாக விடும் இஞ்செக்டருக்குத் தமிழில் ‘உட்செலுத்தி’ போதும், புதிதாகச் சொல் எதுவும் வேண்டாம் என்று போன வாரம் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் பைக்கிலிருந்து அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கும்வரை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு வாங்கிய வண்டி. நாலு மாதம் காட்பாடி வீட்டில் ஓட்டாமல் நின்றது, அதுவும் கோடையில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசின் கட்டியிருக்கும். ஸ்டார்ட் ஆனால் திணறல், ஐட்லிங் நிற்காது. கொண்டுபோன இடத்தில் இஞ்செக்டரையே மாற்றச் சொன்னார்கள். சரி, அதற்குமுன் ஒருமுறை கழுவிப் பார்ப்போமே என்று வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தேன்.

பம்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டேன், குழாயில் அழுத்தம் இறங்கட்டும் என்று. அப்புறம் பேட்டரி ஒயரையும் எடுத்துவிட்டுத்தான் இஞ்செக்டரைக் கழற்றினேன். மல்டிமீட்டரில் 12.4 ஓம், ஆகவே உள்ளிருக்கும் காயில் (மின்கம்பிச் சுருள்) நன்றாக இருக்கிறது. 12 வோல்ட்டை ஒரு பெல் சுவிட்ச் வழியாக விட்டுவிட்டுக் கொடுத்தால் ‘டிக் டிக்’ என்கிறது, ஆக வழியைத் திறந்து மூடும் ஊசியும் அசைகிறது. (கை எடுக்காமல் அழுத்திப் பிடிக்காதீர்கள், காயில் சூடேறிவிடும்.) லேத் பட்டறை நண்பர் டயர் வால்வு வைத்து ஒரு இரும்புக் குழாய் செய்து கொடுத்தார். அதில் கிளீனரை ஊற்றி, வண்டியில் உள்ளதுபோலவே 3 பார் அளவுக்குக் காற்றடித்தேன். சுவிட்சை அழுத்தியதும் வந்தது சாரல் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்த நூல். பத்து விநாடிக்கு 16 மில்லி. நகைக்கடை நண்பரின் மீயொலி (அல்ட்ராசோனிக்) கழுவு தொட்டியில் இரண்டு முறை போட்டெடுத்த பிறகு 21 மில்லி, சாரலும் குடைபோல விரிந்தது. பெட்ரோலை வைத்து இதைச் செய்யவே வேண்டாம். கிளீனரும் பற்றக்கூடியதுதான், அதனால் வெட்டவெளியில், சுவிட்சை ஆறடி தள்ளி வைத்துத்தான் செய்தேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்த இஞ்செக்டர் எதையும் செலுத்தவில்லை! தள்ளுவது டேங்குக்குள் கிடக்கும் பம்பு. இது திறந்து மூடும் கதவு, அவ்வளவுதான். 1500 சுற்று ஐட்லிங்கில், இரண்டு சுற்றுக்கு ஒன்றாக நிமிடத்துக்கு 750 முறை, ஒவ்வொரு முறையும் சில மில்லி விநாடி மட்டும் திறக்கிறது. ‘உள்’ என்பதும் உதைக்கிறது. நம் பைக்குகளில் இது சிலிண்டருக்குள் அடிப்பதில்லை, வால்வுக்கு வெளியே காற்று வரும் வழியில் அடிக்கிறது. ‘தெளிப்பான்’ என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மருந்தடிக்கும் டேங்க்தான் கண்முன் வரும்.

அதனால் ‘பீச்சி’ என்று வைக்கலாம் என்கிறேன். மடியில் பால் இறங்கி நிற்கும், காம்பு வழிவிட்டால்தான் சர்ரென்று பீச்சும். அதோடு சாரல், நூல், ஒழுக்கு என்ற மூன்று சொல் இருந்தால் சோதனை முழுவதையும் தமிழில் எழுதிவிடலாம்.

காட்பாடியிலிருந்து

——

பால் கறக்காதவர் எழுதியது என்று தெரிகிறது தம்பி. காம்பு தானாக வழிவிடாது, விரலால் அழுத்த வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வயிறு கெட்டாலும் ‘பீச்சுது’ என்றுதான் சொல்வோம். உட்செலுத்தி தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடப் புத்தகத்தில் ‘பீச்சி’ என்று போட்டால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். கடைக்காரர்கள் வாயில் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து

——

அக்கா, கறவை விஷயத்தில் தோற்றேன். வயிற்றுப்போக்கு விஷயத்தில் இல்லை. ‘போக்கு’ என்ற சொல்லையும் அதற்காக நாம் விட்டுவிடவில்லையே.

நீங்கள் சொன்னபடி நேற்று சத்துவாச்சாரியில் ஒரு மெக்கானிக்கிடம் போய், “பீச்சி அடைச்சிக்கிச்சுண்ணா” என்றேன். ஒரு நிமிஷம் முழித்தார். வண்டியைக் காட்டியதும் சிரித்துவிட்டு, “கண்ணு அட்ச்சிக்கினு கீதா, இல்ல காயிலே பூட்ச்சா?” என்று கேட்டார். பீச்சியை அவர் ஏற்றாரா என்று தெரியவில்லை, திரும்ப ஒருமுறையும் சொல்லவில்லை. ஆனால் நுனியில் இருக்கும் பொடி ஓட்டைகளுக்கு ‘நுண்துளை முனை’ என்று நான் எழுதி வைத்திருந்ததை வந்ததும் அடித்துவிட்டு, என் சொற்பட்டியலில் ‘கண்’ என்று போட்டிருக்கிறேன்.