நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரினார்பின் மாத்திரை (ஓபியாய்டு, அதாவது அபின் வகைப் போதையில இருந்து மீளத் தர்றது): பார்த்த கேஸைச் சொல்லுங்க

மாத்திரைக்கடை, காரைக்குடி:
அந்தப் பையன் கண்ணுக்குள்ளேயே நிக்கிறான். டேபென்டடால்ங்கிற ஓபியாய்டு வலி மாத்திரையைப் போதைக்குக் கரைச்சு ஊசியில ஏத்துற கேஸ். விடியக்காலை ஒண்ணு ஏத்திட்டு, "நேத்து மத்தியானந்தான் கடைசி"ன்னு பொய் சொல்லி, பத்து மணிக்குப் புப்ரினார்பின் 4 மி.கி. வச்சுக்கிட்டான். அரை மணியில வாந்தி, மூக்கொழுகல், கையெல்லாம் உரிச்ச கோழி மாதிரி புல்லரிப்பு. கூட வந்த ஆச்சி முந்தானையால அவன் நெத்தியைத் துடைச்சுக்கிட்டே, "இதுக்குப் பேரு மருந்தா தம்பி?"ன்னு கேட்டாக.

தேவகோட்டை 63:
அந்தப் புப்ரினார்பின் மாத்திரையில கலந்திருக்கிற நலாக்சோன் (ஓபியாய்டு போதையை முறிக்கிற மருந்து) பண்ற வேலை.

வார்டு நர்ஸ்:
இல்லைண்ணே. நலாக்சோன் நாக்குக்கு அடியில வச்சா பெருசா ஏறாது. மாத்திரையைக் கரைச்சு ஊசியில போட்டாத்தான் அது முகத்தைக் காட்டும். இங்க வேலை பார்த்தது புப்ரினார்பினே. ஏற்பியில, அதாவது மூளையில ஓபியாய்டு போய் உட்கார்ற இடத்துல, அதுக்குப் பிடி பலம், போதை பாதி. உட்கார்ந்திருக்கிறதை எழுப்பி விட்டுட்டுத் தான் உட்காரும். அதான் கடைசி டோஸுக்கப்புறம் 12 மணி நேரமாவது போகணும். கொட்டாவி, கண்ணீர், விரிஞ்ச கண்மணின்னு போதை இறங்குற அடையாளம் தெரியணும். அப்புறந்தான் முதல் 2 மி.கி. மெத்தடோன்ல (ரொம்ப நேரம் உடம்புல நிக்கிற ஓபியாய்டு) இருந்தவருக்கு 24-48 மணி, சிலருக்கு அதுக்கும் மேல. அவங்க சொல்ற நேரத்தைவிடக் கண்மணியை நம்புங்க.

குன்றக்குடி ரோடு:
ஒருத்தர் மாத்திரையை டீயோட முழுங்கிட்டு, "ஒண்ணும் கேக்கலை"ன்னு சாயங்காலமே பிரவுன் சுகருக்கு (மட்ட ஹெராயின் பவுடர்) போயிட்டார். முழுங்கினா பெரும்பகுதியைக் கல்லீரலே தின்னுடும். வாயை நனைச்சு, நாக்குக்கு அடியில வச்சு, 5-10 நிமிஷம் பேசாம இருக்கணும். கரைஞ்சதும் கொப்புளிக்கணும். பல் துலக்குறது ஒரு மணி கழிச்சு, இல்லேன்னா சொத்தை.

மதுரை பஸ்:
கரைக்கிறதோட நிறுத்திட்டீங்களே! 4 மி.கி.யிலேயே உட்கார வச்சுட்டு, "மாத்திரையும் போடுறான், பவுடரும் இழுக்குறான்"னு திட்டுறாங்க. 2014 காக்ரேன் தொகுப்பாய்வுப்படி, சிறுநீர்ப் பரிசோதனையில கள்ள ஓபியாய்டு குறைஞ்சது 16 மி.கி.யும் அதுக்கு மேலயும் கொடுத்தப்பதான். குறைஞ்ச அளவு ஆளை மையத்துக்கு வரவைக்கும், அவ்வளவுதான். கஞ்சாவுக்கும் பிராந்திக்கும் இது மருந்தே இல்ல. பிராந்தியோ, பதற்றத்துக்குத் தர்ற அல்பிரசோலமோ இதோட சேர்ந்தா மூச்சே அடங்கிடும். இன்னொண்ணு, சிறுநீர்ல போதை பார்க்கிற சாதா மார்பின் ஸ்டிரிப்புல டேபென்டடால் தெரியாது. கோடு நெகட்டிவ்னு வீட்டுல பாயசம் வைக்காதீங்க. டோஸை ஏத்துறதும் இறக்குறதும் டாக்டர் வேலை, பக்கத்து வீட்டு மாமா வேலை இல்ல.

ஆத்தங்குடி:
மாமாவை விடுங்க. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, இனி மாத்திரை வேண்டாம்னு சட்டுன்னு விட்டார் ஒருத்தர். உடம்போட தாங்குசக்தி அந்த நாள்களுக்குள்ள இறங்கிடுச்சு. திருவிழா முடிஞ்ச ராத்திரி போதை மருந்தைப் பழைய அளவுலயே ஏத்தினார். காலையில பார்த்தப்ப மணிக்கட்டுல மஞ்சக்கயிறு அவிழ்க்காமலே இருந்துச்சு.