சென்னைக்கு வந்த புதிதில்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்

பொருநைக்காரி
2019 ஜூன். புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்த மாதம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தண்ணீர் லாரி வருகிறது என்றதும் குடத்தோடு ஓடினேன். வரிசையில் குடங்கள் மட்டும் நின்றன, ஆளைக் காணோம். ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு ஆளில்லாத குடம் வெறும் குடம்தானே? இரண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னுடையதை வைத்தேன். வாசற்படிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் திட்டவில்லை. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறங்கி வந்தாள். தள்ளிய குடங்களைப் பழைய இடத்தில் வைத்தாள். என் பச்சைக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கிப்போய்க் கடைசியில் வைத்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மாடிப்படி
சகோதரி, உங்களுக்காவது உங்கள் இடத்தைக் காட்டினார்கள். நான் தாம்பரத்தில் மின்சார ரயிலில் கூட்டமே இல்லாத பெட்டியைக் கண்டு ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெரியவர். என் பையைப் பார்த்தார், கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார், செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மாம்பலத்தில் பரிசோதகர் ஏறிய பிறகுதான் அது முதல் வகுப்பு என்று தெரிந்தது. அபராதம் போகட்டும். பத்து நிலையம் சேர்ந்து வந்தோமே!

பழைய பல்லாவரம்
பெரியவரைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. பெட்டியில் எழுதித்தான் இருக்கிறது. 2004 வரை மீட்டர் கேஜ் ஓடிய தடம் அது, அப்போதிருந்தே போய்வருகிறேன். முதலில் சீசன் டிக்கெட் எடுங்கள். கிண்டியில் இறங்க வேண்டுமானால் பரங்கிமலையிலேயே எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். குடக்காரச் சகோதரிக்கும் சொல்கிறேன்: வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் லாரி எந்தக் கிழமை வரும் என்று கேட்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸை எண்ணி வைப்பதற்கு முன் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் காலை ஏழு மணிக்கு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் தண்ணீர் வரும். என் அனுபவமா? நானும் புதிதில் முதல் வகுப்பில் ஏறியவன்தான். எழும்பூரில் இறக்கிவிட்டார்கள்.

மாடிப்படி
ஐயா, அறிவுரை யார் கேட்டார்கள்? டிக்கெட்டைப் பார்த்த பிறகு செய்தித்தாளை விரித்தார் என்றேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கீழவாசல்
அக்கா, கடைசியில் தண்ணீர் கிடைத்ததா?

பொருநைக்காரி
அரைக் குடம்.