போட்டி வேண்டாம், போட்டோ வேண்டாம்: சும்மா சிக்குக் கோலம் போட எங்கிருந்து தொடங்கலாம்?

மூணாம்மாடி கேட்டது:

அடுக்குமாடிக் குடியிருப்பு, டைல்ஸ் போட்ட வராண்டா. யாருக்கும் காட்டுவதற்காக இல்லை, பரிசுக்காகவும் இல்லை. ஒரே கம்பி, அதாவது ஒரே கோடு, எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதைப் பார்க்கிற சுகத்துக்காகத்தான் சிக்குக் கோலம் போட ஆசை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் போட்டால் படம் வருகிறது, சந்தோஷம் வரவில்லை. சொந்தமாகப் போட்டால் கம்பி பாதியிலேயே மூடிக்கொள்கிறது, பாக்கிப் புள்ளிகள் வெளியே நிற்கின்றன. 3×3 புள்ளி, 5×5 புள்ளி இரண்டிலும் இதே கதை. கோடும் விட்டுவிட்டு விழுகிறது. ஆண்பிள்ளைக்கு எதற்குக் கோலம் என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

கொட்டாங்குச்சி எழுதியது:

தம்பி, முதலில் தரையைச் சரிபண்ணுங்க. வழவழப்பான டைல்ஸில் மாவு பிடிக்காது, காற்றில் ஓடிடும். பாலிஷ் போடாத கடப்பாக் கல் 2 அடிக்கு 2 அடி ஒன்று வாங்கி ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்க. கறுப்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று நிற்கும், மின்விசிறிக் காற்றும் படாது. கல்லை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத் தண்ணீர் மினுக்கம் போகும்வரை காத்திருங்க. சொதசொத ஈரத்தில் போட்டால் மாவு ஊறிக் கோடு பருத்துப்போகும். முழுக்கக் காய்ந்துவிட்டாலும் ஒட்டாது. கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியணும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

கோடு விட்டுவிட்டு விழுவது பெரும்பாலும் மாவின் குற்றம். கடையில் வாங்கின பச்சரிசி மாவை அப்படியே எடுத்தால் மைதா மாதிரி நைசாக இருக்கும், விரலிடுக்கில் அடைச்சுக்கும். கல்மாவு 3 பங்கு, கொஞ்சம் கரகரப்பாக அரைத்த பச்சரிசி மாவு 1 பங்கு கலந்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துச் சலித்து எடுங்க. எறும்புக்கும் போகணும் என்றால் அரிசி மாவைக் கூட்டிக்கலாம், ஆனால் மழை நாளில் கட்டி தட்டும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலை செய்யும். மாவைக் கிள்ளி எடுத்து, கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் மேல் மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டே போகணும், அழுத்திப் பிடித்தால் நின்னுடும். விரல் நுனி தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் இருக்கட்டும். உயரம் கூடினால் கோடு சிதறும், தரையைத் தொட்டால் விழுந்த கோட்டை விரலே அழிச்சிடும். வளைவில் மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையோடு கையைக் கொண்டுபோங்க, அப்பத்தான் வளைவு முட்டை மாதிரி நசுங்காது. மாவு தீர்ந்தால் நிறுத்துகிற இடம் இரண்டு கோடு வெட்டுகிற இடமாக இருக்கட்டும். அங்கே ஒட்டுப் போட்டது தெரியாது. வளைவின் நடுவில் நிறுத்தினால் முடிச்சு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

கம்பிக்கணக்கு எழுதியது:

கம்பி பாதியில் மூடிக்கொள்வது உங்கள் தப்பே இல்லை. அது புள்ளிக் கணக்கு. நேர்ப்புள்ளியைச் சதுரமாகவோ செவ்வகமாகவோ வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நட்டநடுவே கோடுகள் சாய்வாக வெட்டிக்கொள்ளும்படி சாதாரணப் பின்னல் போட்டால், எத்தனை கம்பி வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: குறுக்கு வரிசைகளின் எண்ணிக்கைக்கும் நெடுக்கு வரிசைகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கம்பி. 3×3 என்றால் 3. 5×5 என்றால் 5. 4×6 என்றால் 2. ஒரே கம்பி வேண்டுமானால் பொதுக் காரணி 1 ஆக இருக்க வேண்டும்: 2×3, 3×4, 3×5, 5×7. இடுக்குப் புள்ளிக்கு (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகளை வைப்பது) இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3×4-இல் தொடங்குங்கள். நடு வரிசைகளை முதலில் வைத்து வெளியே போங்கள். புள்ளிக்குப் புள்ளி மூன்று விரற்கடை. முடித்ததும் இப்படிச் சரிபார்க்கலாம்: மூலைகளில் 4 பெரிய வளைவு, ஓரங்களில் 6 சின்ன வளைவு, உள்ளே 17 வெட்டு. 17 வராவிட்டால் எங்கேயோ கோடு நடுவே போகாமல் ஒரு புள்ளியை ஒட்டிப் போயிருக்கிறது.

3×3-ஐயும் விட்டுவிடத் தேவையில்லை. உண்மையான ருசி அங்கேதான். வேறு வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்டாமல் இரண்டையும் முதுகுக்கு முதுகாகத் திருப்பி விட்டால் அந்த இரண்டும் ஒரே கம்பி ஆகிவிடும். மூன்று கம்பிக்கு இரண்டு திருப்பம் போதும். மேல் வரிசைப் புள்ளிகளில் 1-க்கும் 2-க்கும் நடுவே ஒன்று, 2-க்கும் 3-க்கும் நடுவே ஒன்று. இடமும் வலமும் சமச்சீராகவும் இருக்கும். ஆனால் ஒரு கம்பி தன்னையே வெட்டும் இடத்தில் திருப்பினால் கவனம்: ஒரு வகையாகத் திருப்பினால் ஒன்றாகவே இருக்கும், மற்ற வகையில் இரண்டாகப் பிரிந்துவிடும். எந்த வகை எது என்பதை விரலால் கம்பியைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடியுங்கள். இதை யாரும் சொல்லித் தந்துவிடக் கூடாது என்பதால் நானும் சொல்லவில்லை.

சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970களிலேயே கோலத்தை ஒரு மொழியாகக் கொண்டு அதற்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து விரலை எடுக்காமல் வரையும் சோனாவிலும் இதே பொதுக் காரணிக் கணக்கு வருகிறது.

மூணாம்மாடி:

3×4 வந்துவிட்டது, 17 வெட்டும் எண்ணிவிட்டேன்! அண்ணா, நடுவில் ஒரு வெட்டைத் தவறவிட்டுத் திருப்பிவிட்டால் என்ன செய்வது? மொத்தத்தையும் அழிக்க மனசு வரவில்லை.

ஈரத்துணி எழுதியது:

அழிக்காதீங்க. தெரியாமல் திருப்பின இடத்தை அப்படியே விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தைப் பார்த்து அங்கேயும் திருப்பிவிடுங்க. பிறகு விரலால் தொடர்ந்து போய் எத்தனை கம்பி ஆகியிருக்கிறது என்று எண்ணுங்க. ஒன்றுக்கு மேல் இருந்தால், அந்த இரண்டு கம்பியும் சந்திக்கிற வெட்டு ஒன்றைத் தேடித் திருப்பணும். நாலைந்து நாள் இப்படிப் போனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோலம் உங்கள் கையில் இருக்கும்.

ஒரு இடத்தை மட்டும் சரிபண்ணணும் என்றால் துணி நுனியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்க. தேய்த்தால் வெள்ளைப் படலம் பரவி அந்த இடமே மங்கிடும். ஒற்றின இடம் காய்ந்த பிறகுதான் மறுபடி கோடு.

அளவை ஒரு வாரத்துக்கு மாற்றாதீங்க. 3×4 மட்டும், திருப்பத்தை மட்டும் தினம் மாற்றணும். மார்கழி வந்ததும் 21 புள்ளிக்குத் தாவினால் கை புள்ளி வைத்தே ஓய்ந்துபோகும், மனசு எப்போது முடியும் என்று கணக்குப் பார்க்கும். போனை உள்ளே வைத்துவிட்டு வாங்க. கேமரா பக்கத்தில் இருந்தால் கண் கம்பியை விட்டுவிட்டு ஓரம் சமமா, வெள்ளை போதுமா என்று பார்க்கத் தொடங்கிடும். மறக்கக் கூடாத திருப்பம் ஏதாவது வந்தால் நோட்டில் புள்ளி வைத்து அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டால் போதும், முழுக் கோலமும் அதிலிருந்தே திரும்ப வந்துவிடும்.

சாயங்காலம் கல்லைக் கழுவும்போது முதலில் காய்ந்த மாவைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுங்க. நேரே தண்ணீர் விட்டால் அரிசி மாவு கல்லின் துளையில் பசையாக இறங்கி, மறுநாள் காலையில் பழைய கம்பி நிழல் மாதிரி தெரியும்.