புதுப்பிப்பு: மணியின் காலும் காப்புறுதியும்

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் மோதி எங்கள் நாய் மணிக்குப் பின்னங்கால் முறிந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது நடக்கிறான். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

கிளிநொச்சியிலிருந்து பேராதனை மிருக வைத்தியசாலைவரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வான் பிடித்துக் கொண்டுபோய்த்தான் சத்திரசிகிச்சை செய்தோம். தகடு, மருந்து, தங்குமிடம், திரும்பவும் ஒருமுறை காட்டப் போன வான் கூலி என்று அம்மாவின் சீட்டுக் காசு முழுதும் முடிந்தது. அந்தக் காசு கையில் இல்லாதிருந்தால் என்ன முடிவு எடுத்திருப்போம் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அதனால்தான் வீட்டுப் பிராணிக்கும் காப்புறுதி எடுக்கலாம் என்று போன பதிவில் சொல்லியிருந்தேன். அதற்கு "நாய்க்கும் காப்புறுதியா?" என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். மாட்டுக்குக் கமநலக் காப்புறுதிச் சபையில் எடுக்கிறோம்தானே அண்ணா? வீட்டுப் பிராணிக்கும் அதே கணக்குத்தான். சின்னத் தவணை கட்டிவர, திடீர்ச் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்கும். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். எடுத்தவுடனும் பயன் கிடைக்காது, காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் குட்டியாக, சுகமாக இருக்கும்போதே விசாரியுங்கள். பெரும்பாலும் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும், பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். வான் கூலி சேருமா என்பதையும் கேளுங்கள், வன்னியில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய செலவு.

மணியின் பழைய முறிவுக்கு இனிக் கிடைக்காது. புதிதாக வந்த குட்டிக்கு அடுத்த கிழமை வவுனியாவில் கேட்கப் போகிறேன்.