கஃபாவில் எறிந்த பிணம்தான் ஐரோப்பாவின் மத்திய காலத்தை முடித்ததாம்!

பழைய_ஏடு: நேற்று 'வரலாற்றுக்காதலன்' இங்கே ஒட்டியதை அப்படியே தருகிறேன்: "1346-இல் கிரிமியாவின் கஃபா கோட்டையை முற்றுகையிட்ட மங்கோலியக் கான் ஜானி பேக், பிளேக்கில் செத்த தன் வீரர்களின் பிணங்களைக் கவண்பொறியில் வைத்து உள்ளே எறிந்தான். தப்பியோடிய ஜெனீவா வணிகர்கள் நோயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். மத்திய காலம் அத்தோடு முடிந்தது." படித்ததும் குடித்த காப்பி கசந்துவிட்டது. ஒரே கேள்விதான். அவர்கள் தப்பியோடியது 1346. 12 கப்பல்கள் நோயோடு சிசிலியின் மெசினாவுக்கு வந்தது 1347 அக்டோபர். இடைப்பட்ட காலத்தில் நடுக்கடலில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்களா?

வரலாற்றுக்காதலன்: பியாசென்சா ஊரின் கேப்ரியேல் டெ மூசி எழுதி வைத்திருக்கிறார் ஐயா. பிணம் மலைபோல் வந்து விழுந்தது என்று அந்தக் காலத்து மனிதரே சொல்கிறார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

பழைய_ஏடு: டெ மூசி பத்திரம் எழுதும் நோட்டரி. அந்த ஆண்டுகளில் பியாசென்சாவில் உட்கார்ந்து பத்திரம்தான் எழுதிக்கொண்டிருந்தார். கஃபா பக்கம் போனதே இல்லை. துறைமுகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியதுதான் உங்கள் நேரடி சாட்சி. அப்புறம், பிணம் குளிர்ந்ததும் பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சி அதை விட்டு இறங்கி வேறு சூடான உடம்பைத் தேடிப் போய்விடும். கோட்டைக்குள் நோயைக் கொண்டுபோக எலி போதும், கவண் எதற்கு? மெசினா 1347 அக்டோபர். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

மழைக்குருவி: பிளேக் வருவதற்கு முன்பே ஐரோப்பா பாதி செத்துவிட்டதே, அதை யாரும் பேச மாட்டீர்களா? 1315-இல் விடாத மழை, விதைத்தது அழுகியது, உப்பு காய்ச்ச வெயில் இல்லை. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் எட்வர்டுக்கே செயின்ட் ஆல்பன்ஸில் ரொட்டி கிடைப்பது பாடாக இருந்தது. இன்றைய பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் 1316-இல் சுமார் பத்தில் ஒருவர் செத்தார்கள். அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளைகள்தான் 1348-இல் பிளேக்கைச் சந்தித்த பெரியவர்கள்.

பழைய_ஏடு: 'பாதி' என்பது கொஞ்சம் அதிகம் அம்மா. மற்றபடி பஞ்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் திரி மெசினாவைப் பற்றியது.

குறுக்கே_போகிறவன்: திரியின் தலைப்பில் மத்திய காலம் என்றுதான் இருக்கிறது. மெசினா எங்கே இருக்கிறது?

வரலாற்றுக்காதலன்: அப்படிக் கேளுங்கள் தம்பி! கவண் இல்லையென்றால் பிளேக் இல்லை. பிளேக் இல்லையென்றால் ஆள் குறைந்து கூலி ஏறியிருக்காது. 1351-இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டார்களே, கூலி 1346-இல் இருந்த அளவைத் தாண்டக் கூடாது என்று! 1381-இல் தலைவரியும் சேர்ந்துகொள்ள குடியானவர் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் ஆட்களோடு லண்டனுக்குள் புகுந்தார். பண்ணையடிமை முறை ஆட்டம் கண்டது. எல்லாம் ஒரு கவணிலிருந்து.

பழைய_ஏடு: ஜெர்மனியில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே போய்ப் பாருங்கள். அங்கே பிற்பாடு குடியானவன் கழுத்தில் நுகத்தை இன்னும் இறுக்கினார்கள். உங்கள் கவண் அந்தப் பக்கம் வேலை செய்யவில்லையா? நான் மீண்டும் மீண்டும் கேட்கிறேன்: 1346-இல் புறப்பட்ட நோயாளி 1347 அக்டோபர் வரை எப்படி உயிரோடு இருந்தான்? 1347-இல் ஜானி பேக்கோடு சமாதானமாகி, கருங்கடல் தானியக் கப்பல்கள் மறுபடியும் ஓடத் தொடங்கின. தானியம் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் தெள்ளு இருக்கும். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

வரலாற்றுக்காதலன்: அந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது? கருங்கடலிலிருந்து. நான் சொன்னதும் அதுதானே!

பழைய_ஏடு: இல்லை. நீங்கள் சொன்னது கவண்.

குறுக்கே_போகிறவன்: என்னை 'தம்பி' என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 58 வயது, பணி ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் பிளேக்கை விட்டால் வேறு பேச மாட்டீர்களா? 1378-இலிருந்து ரோமில் ஒரு போப், பிரான்சின் அவிஞோனில் ஒரு போப். தீர்த்துவைக்க 1409-இல் பீசாவில் கூடி மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்தார்கள். 1417-இல் கான்ஸ்டன்ஸ் சபையில்தான் ஒரு வழி பிறந்தது. சொர்க்கத்துச் சாவி யார் கையில் என்று தெரியாமல் ஒரு தலைமுறையே வாழ்ந்தது. அதைவிடவா உங்கள் எலி பெரிது?

மழைக்குருவி: என் பஞ்சத்தை ஒரு வரியில் ஒதுக்கிவிட்டு போப்புக்கு மட்டும் இடமா?

வரலாற்றுக்காதலன்: பழைய_ஏடு அவர்களின் புலமை நமக்குத் தெரியாதா! போன மாதம் கான்ஸ்டான்டிநோபிள் திரியில், துருக்கியர்கள் அந்நகரைப் பிடித்த 1453-ஐ 1543 என்று எழுதியவர்தானே. அன்று துருக்கியர்கள் 90 வருடம் தாமதமாக வந்தார்கள். இன்று என் கப்பல் ஒரு வருடம் தாமதமாக வந்தால் மட்டும் குற்றமா?

பழைய_ஏடு: அது தட்டச்சுப் பிழை. அன்றே திருத்தினேன், திருத்திய குறிப்பும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் நான் என்ன செய்ய? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நேற்றிலிருந்து உறுத்துகிறது. உங்கள் பதிவில் 'ஜெனீவா வணிகர்கள்' என்று இருக்கிறது. கஃபாவை வைத்திருந்தது ஜெனோவா, இத்தாலித் துறைமுகம். ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அங்கே கடலே கிடையாது. அங்கிருந்து போனவர்கள் எதில் ஏறித் தப்பினார்கள்?

மட்டுறுத்துநர்: தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். 1453 பற்றிப் பேச வேறு திரி இருக்கிறது.

பழைய_ஏடு: நான் யாரையும் தாக்கவில்லை. மெசினா 1347 அக்டோபர், அவ்வளவுதான்.

வரலாற்றுக்காதலன்: ஜெனீவாவில் பெரிய ஏரி இருக்கிறது. தெரியாமல் பேசாதீர்கள்.