உருமறைப்பு வடிவ மேசை விரிப்பு: கறுப்புப் பட்டைகளில் மட்டும் கர்சர் துள்ளுகிறது

கேள்வி:
வணக்கம். வியட்நாம் போர்க்கால அமெரிக்கச் சீருடையின் இலைவடிவ உருமறைப்பு அச்சிடப்பட்ட மேசை விரிப்பு ஒன்றைச் சென்ற வாரம் வாங்கினேன். மேலே பாலியஸ்டர் துணி, அடியில் ரப்பர். பழுப்பு, வெளிர்பச்சைப் பகுதிகளில் மவுஸ் ஒழுங்காக ஓடுகிறது. கிளைவிட்டுப் பிரியும் கறுப்புப் பட்டைகளின் மேல் ஏறும்போது மட்டும் கர்சர் ஒரு கணம் நின்று, பிறகு துள்ளி வேறிடம் போய்விடுகிறது. பேட்டரியை மாற்றியும், யூஎஸ்பி துளையை மாற்றியும் பலனில்லை. விரிப்பைத் திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்களே இருக்கின்றன. கோளாறு விரிப்பிலா, மவுஸிலா?

மறுமொழி 1:
கறுப்புப் பட்டையின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதன்மேல் மவுஸை ஓட்டிப் பாருங்கள். மவுஸைத் திருப்பினால் சிவப்பு ஒளி தெரிகிறதா என்றும், கறுப்பை நகத்தால் வருடினால் மை தடித்துத் தட்டுப்படுகிறதா என்றும் சொல்லுங்கள். சென்சார் குழியில் தூசி இருந்தால் காதுக்குச்சியால் துடைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
துடைத்தேன், மாற்றமில்லை. தாளின் மேல் துள்ளல் அறவே இல்லை. ஏழாண்டுப் பழைய மவுஸ், சிவப்பு ஒளி பளிச்சென்று தெரிகிறது. மை தட்டுப்படவில்லை; சாயம் நெசவுக்குள்ளேயே ஊறியிருக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் விரிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மவுஸின் சென்சார் அடிப்பரப்பை வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்து, நூலிழைகளின் நிழல் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட்டே அசைவைக் கணக்கிடுகிறது. சிவப்பு ஒளியில் கறுப்பு மிகவும் இருண்டும், பழுப்பு வெளுத்தும் தெரிவதால், பட்டையின் ஓரத்தைத் தாண்டும்போது சென்சார் தன் வெளிச்ச அளவைத் திடீரென்று மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய மாடல்கள் அங்கேதான் கணக்கைத் தவறவிடுகின்றன. டிபிஐயை, அதாவது மவுஸின் நுண்ணுணர்வு அளவை, கூட்டுவதால் இது தீராது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் மவுஸ் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். பாலியஸ்டரில் வெப்பத்தால் ஏற்றப்படும் கறுப்புச் சாயம் பெரும்பாலும் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. எனவே அந்தச் சென்சாருக்கு விரிப்பு முழுதும் ஏறக்குறைய ஒரே வெளுப்பாகத் தெரியும். உண்மையான ராணுவத் துணி இப்படி இருக்காது. இரவுநோக்கிக் கருவியில் வெளுத்துத் தெரிந்துவிடக் கூடாதே என்று, பிற்கால அமெரிக்கச் சீருடைத் துணிகளில் அகச்சிவப்பு எவ்வளவு திரும்பித் தெறிக்கலாம் என்பதற்கும் வரம்பு வகுத்திருந்தார்கள்.

கேட்டவர்:
அலுவலகத்திலிருந்து அத்தகைய மவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினேன். கறுப்பின் மேலும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆவல் தாங்காமல், இரவு விளக்கை அணைத்துவிட்டு விரிப்பை, இருட்டில் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் வாசல் கண்காணிப்புக் கேமராவின் முன் பிடித்தேன். திரையில் கிளைகளும் இலைகளும் மறைந்து, வெளுத்த போர்வையைப் போலத் தெரிந்தது.

மறுமொழி 3:
இன்னொன்று. இந்த வடிவத்தை 1948இல் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. அந்தக் கூடத்தின் பெயர்ச் சுருக்கமான ஈஆர்டிஎல் என்பதே வடிவத்துக்கும் பெயராயிற்று. வியட்நாமில் 1967 முதல் இது புழக்கத்துக்கு வந்தது. 1981இல் வந்த உட்லேண்ட் வடிவம் இதையே ஏறத்தாழ 60 விழுக்காடு பெரிதாக்கியதுதான். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், உங்கள் விரிப்பிலுள்ள திட்டுகளின் அளவை அசல் துணியின் படத்தோடு ஒப்பிடுங்கள். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பது வழக்கம்.

கேட்டவர்:
அளந்து பார்த்தேன், என்னுடையது பெரிய திட்டு, உட்லேண்ட்தான். விற்றவர் வியட்நாம் என்று எழுதியிருந்தது தவறு. இருந்தாலும் விரிப்பை வைத்துக்கொள்கிறேன், மவுஸை மாற்றிவிட்டேன்.